பார்த்தவர்கள் மட்டும் பேசலாம்

என் வீட்டுக்காரருக்கு வயது அறுபத்து மூன்று. தொழில், கண்ணாடிக் கடை. நாற்பது வருடமாக ஊராரின் கண்ணைத் திறந்துவைத்தவர் என்று அவரே சொல்லிக்கொள்வார். வருகிறவர் மூக்கில் சோதனை பிரேமை மாட்டி, வட்ட வட்டக் கண்ணாடிகளை மாற்றி மாற்றிச் செருகி, "இப்ப தெளிவா இருக்கா? இப்ப?" என்று கேட்கும்போது அவருக்கு வரும் பொறுமையை நான் வீட்டில் ஒரு நாளும் கண்டதில்லை. வீட்டில் மேசை மேல் கிடக்கும் சாவி அவர் கண்ணுக்குத் தெரியாது. "சாவி எங்க?" என்று சாவிக்கு எதிரில் நின்றுகொண்டே கேட்பார். ஆனால் ஐம்பது வருடத்துக்கு முந்தைய ஒரு படத்தில் கதாநாயகன் அழும்போது சுவர்க் கடிகாரம் நாலேகால் காட்டுகிறது, அவன் கண்ணைத் துடைத்ததும் மூன்றரை காட்டுகிறது என்பது தெரியும். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், என்னமோ பெரிய சதியைக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி.

இப்படி ஒரு மனிதர்தான் உலகத்தில் இருப்பார், அவரும் எனக்கு வாய்த்துவிட்டார் என்று வெகு காலம் நினைத்திருந்தேன். இல்லை. இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். மூன்று பேரும் கண்ணாடி போட வந்தவர்கள்தான். கண்ணாடி சரியாக அமைந்தது, மனிதர்கள் வீட்டுக்குத் திரும்பவில்லை.

முதலாமவர் வாத்தியார். பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். இரண்டாவது டைப்பிஸ்ட் அக்கா. ஒரு வக்கீல் அலுவலகத்தில் முப்பது வருடம் தட்டச்சு செய்தவர், இப்போதும் பேசும்போது விரல்கள் மடியில் ஓடும். மூன்றாவது ஆளை எல்லோரும் மீட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்ப்பது வேலை. அந்த வீட்டுக்காரர்களிடம் பழைய படம் பற்றிப் பேச்சுக் கொடுத்துவிட்டு மீட்டரைப் பார்க்காமலே திரும்புவது பழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கடையின் இரும்புக் கதவைப் பாதி இறக்கிவிட்டு நாலு பேரும் கூடுவார்கள். கண் சோதிக்கும் நாற்காலியில் வாத்தியார் உட்காருவார். அதில் உயரத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு மிதி இருக்கிறது. வாதம் சூடாகச் சூடாக அவர் மேலே போய்க்கொண்டிருப்பார். டைப்பிஸ்ட் அக்காவுக்கு, புது பிரேமை மாட்டி முகம் பார்க்கும் கண்ணாடிக்கு எதிரில் இடம். மீட்டருக்கு லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி. எங்கள் வீட்டுக்காரர் கவுண்டருக்குப் பின்னால் நின்று, எறும்பு அளவு ஸ்க்ரூக்களைத் தட்டில் கொட்டி, ரகம் ரகமாகப் பிரித்தபடி தலைமை தாங்குவார். நான் பதினொரு மணிக்கு டீ பிளாஸ்க் கொண்டு போவேன். பிளாஸ்க் காலியாகும் வரை பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். நான் இவ்வளவு ஞானம் பெற்றது அந்தப் பெஞ்சில்தான்.

"அந்த அண்ணன் தம்பி படத்துல மச்சம் எந்தக் கன்னத்துல?" என்பார் மீட்டர்.

"அண்ணனுக்கு இடது. தம்பிக்கு மச்சமே கிடையாது," என்பார் அக்கா.

"கோர்ட் சீன்ல வலது கன்னத்துக்கு வந்துடும். நான் மூணு தடவை பார்த்தேன்," என்று வாத்தியார் ஒரு மிதி மேலே போவார்.

மச்சம் போன வழியைத் தேடி ஒரு மணி நேரம் போகும். வீட்டில் குழாய் ஒழுகுகிறது என்று நான் சொன்னால் அதற்கு மட்டும் நேரம் இருக்காது.

இந்தச் சபைக்கு ஒரே ஒரு விதி. கண் சோதிக்கும் எழுத்துப் பலகைக்குக் கீழே, கடைசி வரிக்கும் அடியில், என் வீட்டுக்காரரே எழுதி ஒட்டியது: 'பார்த்தவர்கள் மட்டும் பேசலாம்.' அதாவது, முதன்முதல் திரையில் வந்தபோது தன் கண்ணால் பார்த்தவருக்குத்தான் அந்தக் காட்சியைப் பற்றிப் பேச உரிமை. பிறர் சொல்லிக் கேட்டது, பத்திரிகையில் படித்தது எல்லாம் செல்லாது. மீறியவர் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்திலிருந்து வெளியே போக வேண்டும். விதி வந்த நாளிலிருந்து ஒரு அதிசயம் நடந்தது. எல்லோரும் எல்லாவற்றையும் பார்த்திருந்தார்கள்.

அதிலும் தொடர். பழைய தொலைக்காட்சித் தொடர் எத்தனையோ இருந்தாலும், அந்தக் கடையில் தொடர் என்றால் ஒன்றுதான். முப்பத்து நாலு வருடத்துக்கு முன் முப்பத்தொன்பது வாரம் வந்தது. தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் கதை. பதினெட்டாம் வாரம் அவள் குழந்தை காய்ச்சலில் போய்விடும். புருஷன் பேச்சை நிறுத்திவிடுவான். அதற்குப் பிறகு இருபது வாரம் அவள் ஜன்னலோரம் நின்றாள். வேறொன்றும் நடக்கவில்லை. ஆனாலும் ஊரே செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு அவள் நிற்பதைப் பார்த்தது. நானும் பார்த்தேன். முப்பத்தெட்டாம் வாரம் அவள் கையில் ஒரு பையோடு ரயில் நிலையத்துக்கு வந்து நடைமேடை ஓரமாக நின்றாள். தூரத்தில் ரயில் விளக்கு தெரிந்தது. மீதி அடுத்த வாரம் என்று போட்டுவிட்டார்கள்.

அந்த அடுத்த வாரம் பாதி ஊருக்கு மின்சாரம் இல்லை. மறு ஒளிபரப்பும் வரவில்லை. பழைய நாடாவை அழித்து அதன் மேலேயே வேறு ஏதோ பதிந்துவிட்டார்கள் என்று பிறகு சொன்னார்கள். மின்சாரம் இருந்த பாதி ஊர்க்காரர்கள் பார்த்திருப்பார்கள், மூக்கைச் சிந்திவிட்டு மறுநாள் வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள். அவர்கள் ரசிகர்கள் இல்லையே.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் மருத்துவமனையில் இருந்தேன். வயிற்றில் இருந்த ஏழு மாதப் பிள்ளை தங்கவில்லை. இதைப் பற்றி அதிகம் எழுத என்னால் முடியாது. நாலு நாள் நான் யாரோடும் பேசவில்லை, சாப்பிடவும் இல்லை. ஐந்தாம் நாள் என் வீட்டுக்காரரிடம், "இன்னைக்குக் கடைசி வாரம். அவ என்ன ஆனான்னு பார்த்துட்டு வந்து சொல்லுங்க," என்றேன். ஜெனரேட்டர் புண்ணியத்தில் கீழே நர்ஸுகள் அறையில் டிவி ஓடியது. நான் எழுந்து போகும் நிலையில் இல்லை. இவர் போனார். முக்கால் மணி நேரம் கழித்து வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றார்.

"ரயில்ல ஏறிட்டா," என்றார்.

"ஏறி?"

"ஜன்னல் சீட்டு. செருப்பைக் கழட்டி ஓரமா ஜோடியா வெச்சா. எதிர் சீட்டுல கால நீட்டிக்கிட்டா. அப்புறம் சிரிச்சா."

"தனியாவா போறா?"

"தனியாத்தான். ரயில் போயிடுச்சு. அவ்வளவுதான்."

இருபது வாரம் நின்றுகொண்டே இருந்தவள் கடைசியில் கால் நீட்டி உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அழுகை வந்தது. அந்த ஐந்து நாளில் அழுதது அப்போதுதான். அன்று சாப்பிட்டேன். மறுநாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். பக்கத்துக் கட்டில்காரியிடம் முடிவைச் சொன்னேன், அவள் பார்க்க வந்தவர்களிடம் எல்லாம் சொன்னாள், வீட்டுக்கு வந்த பிறகு தெருவே வந்து கேட்டுவிட்டுப் போனது. இவரும் கடையில் அதையே சொன்னார்.

வருடங்கள் போயின. எங்களுக்கும் ஒரு பெண் பிறந்து, படித்து, வேறு ஊருக்குப் போய்விட்டாள். சபை கூடியது, விதி வந்தது. விதி வந்ததும் மூன்று பேரும் கடைசி வாரத்தைப் பார்த்தவர்களாகிவிட்டார்கள். மூன்று வீட்டிலும் அன்று மின்சாரம் இருந்ததாம். பார்த்தது மட்டுமா, எங்கள் வீட்டுக்காரர் கவனிக்காததை எல்லாம் கவனித்திருந்தார்கள். அவள் சிரிக்கும்போது புல்லாங்குழல் வாசித்தார்கள் என்றார் அக்கா. அவள் இடது காலைத்தான் முதலில் நீட்டினாள் என்றார் மீட்டர். அந்த இருக்கை பச்சை நிறம் என்று வாத்தியார் அடித்துச் சொன்னார்.

"உங்க வீட்ல அப்பவே கலர் டிவியாங்க?" என்று கேட்டேன்.

"கருப்பு வெள்ளைதாம்மா. ஆனா பார்த்தா பச்சைன்னு தெரியும்ல," என்றார்.

இவர்களுக்கு நடுவில் போன மாதம் வந்து சேர்ந்தவர் வீடியோக்காரர். வயது முப்பத்தேழு. பழைய கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றிக்கொடுக்கும் கடை வைத்திருக்கிறார். வம்பு தும்பு தெரியாத பிள்ளை. தலைவலி என்று கண் சோதிக்க வந்து, பேச்சைக் கேட்டுச் சபையில் சேர்ந்துகொண்டார். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை வாயெல்லாம் பல்லாக உள்ளே வந்தார்.

"சார், உங்க எல்லாருக்கும் ஒரு சந்தோஷமான விஷயம். யாரோ கொடுத்த கல்யாண கேசட்ல, கல்யாணம் முடிஞ்ச பிறகு மீதி இடத்துல டிவியிலிருந்து எதையோ பதிஞ்சிருக்காங்க. என்னன்னு பார்த்தா, தொடர். கடைசி வாரம்! நான் இன்னும் முழுசாப் பார்க்கல. அடுத்த வாரம் எல்லாரும் சேர்ந்தே பார்க்கலாம்."

அக்கா கைதட்டினார். வாத்தியார் மிதித்து மேலே போனார். எங்கள் வீட்டுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. தட்டில் பிரித்து வைத்த ஸ்க்ரூக்களை மறுபடி ஒன்றாகக் கொட்டினார்.

அந்த வாரம் முழுவதும் மனிதர் மனிதராக இல்லை. ஒரு ஆசிரியைக்கு இடது கண் லென்ஸை வலது பக்கத்தில் மாட்டி அனுப்பிவிட்டார். நாற்பது வருடத்தில் நடக்காதது. அந்த அம்மா படியில் தடுக்கித் திரும்பி வந்து சத்தம் போட்டாள். சனிக்கிழமை என்னிடம் வந்து, "நாளைக்கு நீ வர வேண்டாம். பிளாஸ்க்கை நானே எடுத்துட்டுப் போறேன்," என்றார்.

பிளாஸ்க்குக்குக் கைப்பிடி எந்தப் பக்கம் என்று தெரியாத மனிதர்.

"ஏன் வர வேண்டாம்?"

"கும்பலா இருக்கும்."

"நாலு பேர் அஞ்சு பேர் ஆனா கும்பலா?"

துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். அன்று இரண்டாவது முறையாக.

எனக்குப் புரிந்துவிட்டது. இந்த மனிதர் கடைசி வாரத்தைப் பார்க்கவே இல்லை. மருத்துவமனை வாசலில் சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, மேலே வந்து வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறார். நாளைக்குக் குட்டு வெளிப்படும். அவர் எழுதிய விதிப்படி அவர் கடையிலிருந்தே அவர் வெளியே போக வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமைகளை எடுத்துவிட்டால் அவரிடம் மிச்சம் இருப்பது ஸ்க்ரூக்கள்தான். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் எனக்குக் கோபம்தான் வந்தது. முப்பத்து நாலு வருடமாக நான் கைத்தடி மாதிரி பிடித்துக்கொண்டு நடந்த முடிவு அது. அது சிகரெட் புகையில் கட்டிய கதை என்றால், அவர் மூக்கு உடைபடும்போது நான் முன் வரிசையில் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு முன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன்.

கடையில் சுவரோடு ஒரு டிவி இருக்கிறது. வீடியோக்காரர் அதில் தன் கணினியை இணைத்தார். கோடு கோடாக ஓடியது, பிறகு படம் தெளிவாக நின்றது. அதே நடைமேடை. அதே பெண். எத்தனை வருடம் கழித்து இவளைப் பார்க்கிறேன். பாதி நேரம் அவள் நினைவுகள் வந்து போயின, புருஷன், குழந்தை, தபால் நிலையம். பிறகு ரயில் வந்தது.

நிற்கவில்லை. நிற்காமல் போகும் ரயில். பெட்டி பெட்டியாக நம் முகத்துக்கு எதிரில் ஓடியது. கடைசிப் பெட்டி போன பிறகு நடைமேடையில் யாரும் இல்லை. ஓரத்தில் அவள் செருப்பு மட்டும் இருந்தது. ஜோடியாக, ஒழுங்காக, கழற்றி வைத்தபடி. அதன் மேல் 'முற்றும்' என்று எழுத்து வந்தது.

லென்ஸ் இயந்திரத்தில் தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. முதலில் வாய் திறந்தவர் மீட்டர்.

"இது கடைசி வாரம் இல்லைங்க."

"முற்றும்னு போட்டுட்டாங்களே," என்றார் வீடியோக்காரர்.

"இது கனவு," என்றார் வாத்தியார். "அடுத்து அவ முழிச்சுக்குவா. அப்பதான் நிஜ ரயில் வரும்."

"கனவுக்கு முற்றும் போடுவாங்களா சார்?"

"அந்தக் காலத்துல போடுவாங்க."

"புல்லாங்குழல் எங்க?" என்று அக்கா விரல்கள் ஓட ஓடக் கேட்டார். "நான் என் காதால கேட்டேன். இது வேற ஊருக்காக எடுத்த முடிவா இருக்கும். இல்லேன்னா கேசட்டுல யாரோ கை வெச்சிருக்காங்க."

எல்லோரும் வீடியோக்காரரைப் பார்த்தார்கள். அவர் முகம் சிவந்துபோனது. "நான் ஒண்ணும் பண்ணலைங்க! இருக்கறதைத்தான் போட்டேன்!"

"தம்பி, இது வந்தப்ப உங்களுக்கு என்ன வயசு?" என்றார் வாத்தியார்.

"மூணு."

வாத்தியார் எழுத்துப் பலகைக்குக் கீழே கையைக் காட்டினார். பார்த்தவர்கள் மட்டும் பேசலாம். கண்ணெதிரில் ஓடி முடிந்த படத்தைக் கொண்டு வந்தவருக்கு அதைப் பற்றிப் பேச உரிமை இல்லை என்று தீர்ப்பாகிவிட்டது. இப்படிப்பட்ட நீதிமன்றத்தில் எனக்கு ஒரு வழக்கு இருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. நான் செருப்பையே நினைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் சிகரெட் பிடித்துக்கொண்டு நின்றவருக்கு அந்தச் செருப்பு எப்படித் தெரியும்? செருப்பைக் கழட்டி ஓரமா ஜோடியா வெச்சா என்று சொன்னாரே. அது அப்படியே திரையில் இருந்தது. மீதிதான் இல்லை. அப்படியானால் இவர் பார்த்திருக்கிறார். முழுவதும் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு மூன்று மாடி ஏறி வருவதற்குள் அந்தச் செருப்பை எடுத்து ரயிலுக்குள் வைத்து, அவளையும் ஏற்றி, உட்கார வைத்து, காலை நீட்ட வைத்து, சிரிக்க வைத்திருக்கிறார். நாலு வரி சேர்ந்தாற்போல் பேசத் தெரியாத மனிதர்.

திரும்பிப் பார்த்தேன். அவர் யாரையும் பார்க்காமல் ஸ்க்ரூத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்காக மூன்று பேர் தொண்டை கிழிய வாதாடிக்கொண்டிருந்தார்கள். அப்போதும் தலை நிமிரவில்லை. அவர் பயந்தது சபைக்கு இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அக்காவைக் கேளுங்க!" என்று வீடியோக்காரர் என்னைக் காட்டினார். அழுதுவிடுவார் போல இருந்தது. "அவங்கதான் உங்க யாருக்கும் பயப்படாம பேசறவங்க. பொய் சொல்ல மாட்டாங்க. அக்கா, சார் ஆஸ்பத்திரியில பார்த்ததா சொன்னாரே, நீங்க அன்னைக்கு அங்கதானே இருந்தீங்க? நீங்களும் பார்த்தீங்களா? சொல்லுங்கக்கா."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். வாத்தியார் கூட மிதியிலிருந்து காலை எடுத்தார். இத்தனை வருடமாக இவர்களைக் கிண்டல் செய்து சம்பாதித்த நல்ல பெயர் என்னிடம் இருந்தது. அதை எதற்காவது செலவு செய்யத்தானே வேண்டும்.

"பார்த்தேன்," என்றேன். "இவர் பக்கத்துலதான் நின்னேன். ரயில்ல ஏறினா. செருப்பைக் கழட்டி வெச்சுட்டு எதிர் சீட்டுல கால நீட்டி உக்கார்ந்தா. சிரிச்சா."

"புல்லாங்குழல்?" என்றார் டைப்பிஸ்ட் அக்கா.

"வாசிச்சாங்க."

"பச்சை சீட்டு?" என்றார் வாத்தியார்.

"கிளிப்பச்சை," என்றேன்.

கவுண்டருக்குப் பின்னால் தட்டு கவிழ்ந்தது. எறும்பு அளவு ஸ்க்ரூக்கள் தரை முழுவதும் ஓடின. இவர் பொறுக்குவதற்காகக் குனிந்தார், வெகு நேரம் எழவில்லை.

பாவம் வீடியோக்காரர். அவரை வெளியே அனுப்பவில்லை. அவர் மேல் தவறு இல்லை, கேசட் மேல்தான் தவறு என்று பெருந்தன்மையாக முடிவு செய்தார்கள். இனி அவர் கேட்டுக்கொண்டிருக்கலாம், பேசக் கூடாது. உண்மையைக் கையில் கொண்டு வந்த ஒரே ஆள் முக்காலி கூட இல்லாமல் நிற்கிறார். அடுத்த வாரம் அவருக்குத் தனியாக இரண்டு பிஸ்கட் கொண்டு போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லோரும் போன பிறகு நானும் தரையில் உட்கார்ந்து ஸ்க்ரூ பொறுக்கினேன்.

"எங்க நின்னு பார்த்தீங்க?" என்றேன்.

"நர்ஸ் ரூம் வாசல்ல. உள்ள விடல."

"நான் ஊருக்கெல்லாம் சொல்லிட்டு இருந்தேன். ஒரு தடவையாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம்ல?"

"நீ கேட்கல."

இதுதான் அவர். எனக்குச் சுருக்கென்று வந்தது. "கேட்கலையா? இந்தக் கதையைப் போய் ஏங்க மாத்தணும்? டிவிக்காரன் கதை. என்கிட்ட சொன்னா என்ன குடி முழுகிடும்?"

அவர் ஒரு ஸ்க்ரூவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். தட்டில் அதன் ரகத்தோடு போட்டார். பிறகு சொன்னார்:

"அந்த வார்டு மூணாவது மாடி. ஜன்னல்ல கம்பி இல்ல. நாலு நாளா நீ அதையேதான் பார்த்துட்டு இருந்த."

அது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று முப்பத்து நாலு வருடமாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மீதி ஸ்க்ரூக்களைப் பொறுக்கி முடித்தோம். அவர் எழுந்து விளக்கை அணைத்தார். சட்டைப் பையைத் தட்டினார், கால்சட்டைப் பையைத் தட்டினார், கவுண்டரைச் சுற்றிப் பார்த்தார்.

"சாவி எங்க?" என்றார்.

அவர் கைக்கு ஒரு சாண் தள்ளி, கவுண்டர் மேலேயே கிடந்தது. இதற்கென்று நான் தினமும் பாடும் பாட்டு ஒன்று உண்டு. அன்று பாடவில்லை. சாவியை எடுத்து அவர் கையில் வைத்தேன்.